வென்டெல் ஸ்ட்ரூப்பின் சுயமுடிவுகள்

பக்கெட் பார்ன் கம்பெனியில் தொழிலாளி என்று ஒருவர்கூடக் கிடையாது. நாலு மாநிலங்களில் முந்நூற்றுப் பத்துக் கடைகள்; அத்தனையிலும் மேலாளர்கள்தான். சோப்புப் பெட்டி அடுக்குகிறவர் மேலாளர், கல்லாவில் நிற்கிறவர் மேலாளர், கழிப்பறையில் அடைப்பெடுக்கிறவரும் மேலாளரே. ஊரையெல்லாம் மேலாளராக்கி அழகு பார்க்கும் இந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வந்தது என்பது சட்டம் படித்தவருக்குத்தான் தெரியும். மணிக்கூலிக்கு வேலை செய்கிறவர் வாரத்தில் நாற்பது மணி நேரத்தைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு மணிக்கும் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் கொடுத்தாக வேண்டும். சம்பளக்கார மேலாளர் எழுபது மணி நேரம் உழைத்தாலும் நன்றி சொன்னால் போதும். அதையும் கம்பெனி வருஷத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சலில் சொல்லி முடித்துவிடும்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், டேன்வுட் என்ற ஊரின் நெடுஞ்சாலை ஓரத்தில் இருப்பது அவர்களுடைய 214-வது கடை. அங்கே தினமும் மூன்று மேலாளர்கள். லர்லீன் டாக்கெட் 'உதவி மேலாளர், முன்பக்கம்'. அதாவது கல்லா. அறுபதை நெருங்கியவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. ஓடெல் ப்ரூயிட் 'உதவி மேலாளர், பின்பக்கம்'. லாரியில் வரும் பெட்டிகளை இறக்குவதுதான் அவனுடைய நிர்வாகம். மூன்றாமவன் வென்டெல் ஸ்ட்ரூப், நாற்பத்தொரு வயது, 'உதவி மேலாளர், பொது'. மற்ற இருவரும் செய்யாத எல்லாம் பொதுவில் சேரும். இவர்கள் மூவரும் யாருக்கு உதவி என்று கேட்கக் கூடாது. தலைமை மேலாளர் வேலையை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அடுத்தவரைத் தேடிக்கொண்டிருப்பதாகத் தலைமை அலுவலகம் சொல்கிறது. தேடட்டும்.

வென்டெலுக்கு விவாகரத்தாகி மூன்று வருஷம். மகள் மேசிக்கு ஒன்பது வயது, அம்மா கொரீனோடு இருக்கிறாள். குடும்ப நீதிமன்றத்தின் உத்தரவுப்படி புதன்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மாலை அறையிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு, எட்டு மணிக்குக் கொரீனிடம் விட வேண்டும். வாரத்தில் அந்த இரண்டரை மணி நேரம்தான் அவனுக்கு அப்பா உத்தியோகம். கடைக்கு லாரி வருவதோ புதன்கிழமை நாலரை மணிக்கு. இரண்டு புதன் அவனால் போக முடியவில்லை. மேசி மாலை அறையில் நாற்காலிகளைக் கவிழ்த்து வைக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்; கடைசியில் கொரீன் வந்து கூட்டிப் போனாள். நீதிபதி அவனைக் கூப்பிட்டு, மூன்றாவது தடவை வராவிட்டால் அந்தப் புதன்கிழமை அவனுக்கு வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வேன் என்றார். அன்றிலிருந்து திங்கட்கிழமையே அவன் புதன் மாலைக்கு வழி தேட ஆரம்பித்துவிடுவான்.

அந்தக் கோடையில்தான் வாஷிங்டனில் தொழிலாளர் துறை ஒரு புது விதி போட்டது. சம்பளத்தில் ஒரு கோடு கிழித்தார்கள். கோட்டுக்குக் கீழே சம்பளம் வாங்குகிறவரை மேலாளர் என்று கூப்பிடு, மகாராஜா என்று கூப்பிடு, நாற்பது மணிக்கு மேல் வேலை வாங்கினால் ஓவர்டைம் கொடு என்றார்கள். கோடு முன்பும் இருந்தது. யாரும் அதற்குக் கீழே வராத அளவுக்குத் தாழ்வாக இருந்தது. இப்போது அதை உயர்த்தியதில் பக்கெட் பார்ன் மேலாளர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் அதற்குக் கீழே வந்து நின்றார்கள்.

வென்டெல் பணத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஒன்றரை மடங்கு கொடுக்க மனசு வராத கம்பெனி, நாற்பதாவது மணி அடித்ததும் தன்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியாவது வீட்டுக்கு அனுப்பிவிடும் என்று அவன் நம்பினான். கருமித்தனத்தின் மேல் ஒரு மனிதன் இவ்வளவு நம்பிக்கை வைத்து நான் பார்த்ததில்லை. லர்லீனிடம் சொன்னபோது அவள் சில்லறையை எண்ணியபடியே பதில் சொன்னாள்.

"ரொம்ப சந்தோஷப்படாத கண்ணு. உன்னை வீட்டுக்கு அனுப்பறதுக்குப் பதிலா உன் வீட்டைக் கொண்டுவந்து இங்க பின்பக்கம் இறக்கிடுவாங்க. அதையும் ஓடெல்தான் இறக்கணும்."

அடுத்த வாரமே பிரென்ட் குவிசன்பெரி வந்து சேர்ந்தார். மக்கள் மற்றும் உயர்நோக்கப் பிரிவின் வட்டார இயக்குநர்; அதாவது ஆள் எடுப்பதும் நீக்குவதும் அவர் பொறுப்பு. கையில் ஒரு கேக். அந்தக் கடையின் உறைபெட்டியிலிருந்தே எடுத்தது. பாதி விலை என்ற ஒட்டுத்தாளைக்கூட உரிக்கவில்லை. கத்தி இறங்காததால் ஓடெல் பெட்டி அறுக்கும் கத்தியைக் கொண்டு முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டான். கேக் உருகுவதற்குள் குவிசன்பெரி பேசி முடித்தார்.

"வாஷிங்டன்ல இருக்கறவங்க உங்களைப் பத்தி என்ன நினைக்கறாங்க தெரியுமா? கூலிக்காரங்கன்னு. கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யற ஜனங்கன்னு. கேட்டதும் எனக்கு நெஞ்சு வலிச்சுது. நாங்க உங்களை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. நீங்க எவ்வளவு நேரம் வேலை செய்யறீங்கன்னு நாங்க எண்ணினதே இல்லை. எண்ணக் கூடாதுன்னு கணினியிலேயே அடைச்சு வச்சிருக்கோம். ஏன்னா நீங்க குடும்பம். குடும்பத்துல யாராவது மணி பார்ப்பாங்களா?"

குடும்பம் என்றதும் வென்டெல் கையை உயர்த்தி, புதன்கிழமை மாலையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். கேள்விகளுக்குக் கடைசியில் நேரம் உண்டு என்றார் இயக்குநர். கடைசியில் நேரம் இல்லை.

கம்பெனி எல்லோருக்கும் சம்பளத்தை உயர்த்தியது. கோட்டுக்குச் சரியாக ஒரு டாலர் மேலே. அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது, வெள்ளியும் சனியும் வந்துகொண்டிருந்த இரண்டு வார இறுதி மேலாளர்கள் அடுத்த வெள்ளி வராதபோது தெரிந்தது. அவர்களுடைய வேலையும் மூவருக்கும் பங்கிடப்பட்டது. ஆனால் சட்டத்தில் கோடு ஒன்று மட்டும் இல்லையே. மேலாளர் என்றால் அவருக்குக் கீழே குறைந்தது இரண்டு பேர் வேலை செய்ய வேண்டும். முக்கிய வேலை நிர்வாகமாக இருக்க வேண்டும். சுயமாக முடிவெடுக்க வேண்டும். இதற்கெல்லாம் வழி கண்டுபிடிக்க லூயிவில்லில் ஒரு வக்கீல் கம்பெனியை அமர்த்தினார்கள். அந்த வக்கீல்கள் மட்டும் மணிக்கணக்கில்தான் பில் போட்டார்கள். ஆறு நிமிஷத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

வக்கீல்கள் அனுப்பிய படத்தைக் குவிசன்பெரி ஓய்வறைச் சுவரில் ஒட்டினார். முக்கோணம் ஒன்று, அம்புக்குறிகள் ஆறு. வென்டெலுக்குக் கீழே லர்லீனும் ஓடெலும். லர்லீனுக்குக் கீழே ஓடெலும் வென்டெலும். ஓடெலுக்குக் கீழே வென்டெலும் லர்லீனும். ஆளுக்கு இரண்டு பேர், சட்டம் கேட்டபடி. இனி எந்த வேலையையும் யாரும் தானாகச் செய்யக் கூடாது, மற்ற இருவரும் உத்தரவிட்ட பிறகே செய்ய வேண்டும். அப்போதுதான் அது நிர்வாகம் ஆகும். ஓடெல் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, பதினெட்டு வருஷம் பெட்டி தூக்கியதற்கு இப்போதுதான் தனக்குக் கீழே ஆள் கிடைத்திருக்கிறது, ஆனால் அந்த ஆட்கள் இரண்டு பேரும் தன் தலைக்கு மேலே நிற்கிறார்கள் என்றான்.

முக்கிய வேலை நிர்வாகமாக இருக்க வேண்டும் என்பதற்கு வந்தது ஒரு நாள் பயிற்சி. பயிற்சியின் பெயர் 'துடைக்கும் தலைவர்'. தரை துடைப்பது கூலி வேலை. ஆனால் துடைக்கும்போதே மனசுக்குள் நிர்வகித்துக்கொண்டிருந்தால் அது நிர்வாகம், தரை சுத்தமாவது அதன் பக்கவிளைவு. இதுதான் பாடம். இதற்கு அத்தாட்சியாக ஆளுக்கொரு சிந்தனை ஏடு கொடுத்தார்கள். மணிக்கு ஒரு நிர்வாகச் சிந்தனையை எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்காகத் துடைப்பதை நிறுத்தக் கூடாது. லர்லீனின் ஏட்டில் முதல் நாள் ஒன்பது சிந்தனைகள் இருந்தன. ஒன்பதையும் அச்சில் ஏற்ற முடியாது. குவிசன்பெரி பிறந்தபோது அவர் அம்மாவுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பது அவற்றில் சாதுவானது.

சுயமுடிவுக்கு இன்னும் சிரத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மேலாளரும் தினம் ஐந்து சுயமுடிவுகள் எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று மேலாளர் திண்டாடக் கூடாதே என்று தலைமை அலுவலகமே இருபத்தொரு சுயமுடிவுகளை அச்சடித்து அனுப்பியது. குப்பைத் தொட்டி நிரம்பியிருப்பதைக் கண்டு அதைக் காலி செய்யலாம் எனத் தீர்மானித்தல், ஏழாவது. வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைக்கலாம் எனத் தீர்மானித்தல், பன்னிரண்டாவது. எடுத்த முடிவுக்கு நேராக ஒரு குறி போட்டால் போதும்.

ஒருநாள் உறைபெட்டியின் அடியில் தண்ணீர் கசிந்து தரையெல்லாம் ஓடியது. ஒரு கிழவர் வழுக்கப் பார்த்தார். வென்டெல் ஓடிப்போய் அங்கே ஒரு வாளியை வைத்தான். மறுநாளே எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கசிவுக்கு வாளி வைப்பது பட்டியலில் இல்லை என்றும், முன் அனுமதி பெறாமல் சுயமுடிவு எடுப்பது ஒரு நிர்வாகிக்கு அழகல்ல என்றும் அதில் கண்டிருந்தது. வாளியை எடுத்துவிட்டான். கிழவர்கள் தங்கள் பொறுப்பில் நடந்தார்கள்.

இவ்வளவையும் அவன் வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம், ஒவ்வொரு புதன்கிழமையும் எப்படியோ தப்பித்துக்கொண்டிருந்ததுதான். ஒரு வாரம் லாரி பழுதாகி வரவில்லை. ஒரு வாரம் பள்ளி விடுமுறை. ஒரு வாரம் ஓடெல் முதுகு பிடித்துக்கொள்ளும் அளவுக்குத் தனியாக இறக்கினான். இப்படியே ஓடாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் ஓய்வறையில் அந்த முக்கோணத்தைப் பார்த்தபோது லர்லீனுக்கு ஒரு யோசனை உதித்தது. வென்டெலுக்கு மேலதிகாரி அவள்தானே. மேலதிகாரியாக ஒரு தாளில் எழுதினாள்: எனக்குக் கீழே பணிபுரியும் வென்டெல் ஸ்ட்ரூப் புதன்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்குக் கிளம்பலாம். ஓடெலும் கையெழுத்துப் போட்டான்.

தலைமை அலுவலகம் மிக மரியாதையாகப் பதில் எழுதியது. திரு. ஸ்ட்ரூப்பை நிர்வகிக்கும் முழு அதிகாரமும் திருமதி டாக்கெட்டுக்கு உண்டு. அவருடைய நேரம், வேலை, சம்பளம், விடுப்பு ஆகிய நான்கு மட்டும் அந்த அதிகாரத்தில் அடங்கா. அதைப் படித்துவிட்டு லர்லீன் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். அன்றே தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதிப் போட்டாள்.

துறையிலிருந்து கிளெண்டா உம்ஸ்டெட் என்ற பெண் அதிகாரி வந்தார். பதினோரு கவுண்டிகளுக்கும், அதாவது மாவட்டங்களுக்கும், அவர் ஒருவர்தான். வந்தது ஒரு புதன்கிழமை, நாலே முக்காலுக்கு. புகாருக்கு உள்ளான கம்பெனிக்கு முன்கூட்டித் தகவல் சொல்வது துறையின் நாகரிகம் என்பதால் குவிசன்பெரி நாலு மணிக்கே வந்து காத்திருந்தார். நல்ல சாம்பல் நிற சூட். பின்பக்கம் லாரி நின்றது. நிறைய ஐஸ்கிரீம்.

அதிகாரியிடம் நாற்பத்தொரு கேள்விகள் கொண்ட படிவம் இருந்தது. சரக்கறையில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். சம்பளம் கோட்டுக்கு மேலா? ஒரு டாலர் மேல். கீழே இரண்டு பேர் உண்டா? உண்டு. நிர்வாகச் சிந்தனை? ஏடுகளைக் குவிசன்பெரி அடுக்கிக் காட்டினார். லர்லீனுடையதை மட்டும் அடியில் வைத்தார். இப்படியே போனது. வென்டெலின் கண் அதிகாரியின் தலைக்கு மேலிருந்த கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ஐந்து மணி. ஐந்து ஐந்து. பள்ளிக்குப் பதினைந்து நிமிஷ ஓட்டம். கேள்விகள் அவன் காதில் விழாமல் போயின. இன்றைக்கு மூன்றாவது தடவை ஆகிவிடும் என்பது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

"முப்பத்தெட்டாவது கேள்வி," என்றார் உம்ஸ்டெட். "இவர் சொந்தமா முடிவெடுக்கக் கூடியவரா? உதாரணத்துக்கு, இந்த நிமிஷம் கிளம்பிப் போகணும்னு இவருக்குத் தோணினா, போகலாமா?"

குவிசன்பெரி சிரித்தார்.

"மேடம், என்ன கேட்டீங்க. இவர் நிர்வாகி. நிர்வாகியை யார் பிடிச்சு வைக்க முடியும்? எங்க கம்பெனியில ஒருத்தரையும் நாங்க இருன்னு சொன்னதே இல்லை. அவங்களா இருக்காங்க. ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆசை ஆசையா இருக்காங்க. போகணும்னா கதவு திறந்திருக்கு. இதோ, இப்பவே போகலாம். நான் தடுக்க மாட்டேன், என்னால தடுக்கவும் முடியாது."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். மணி ஐந்து பத்து.

வென்டெல் எழுந்தான். சிவப்பு மேலங்கியைக் கழற்றி மடித்துப் பெட்டியின் மேல் வைத்தான். "சரி சார், நான் கிளம்பறேன்" என்றான்.

குவிசன்பெரியின் வாய் திறந்தது. அதிகாரி பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துக்கொண்டு அந்த வாயையே பார்த்தார். அதிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், முந்நூற்றுப் பத்துக் கடைகளுக்கும் ஓவர்டைம். வாய் மெதுவாக மூடிக்கொண்டது. வென்டெல் கதவைத் தாண்டிப் போனான். லாரியை நினைத்துக் குவிசன்பெரி ஓடெல் பக்கம் திரும்பியதும், அவன் இன்னொரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு உத்தரவு போட ரெண்டு பேர் வேணும் சார். இப்ப லர்லீன் ஒருத்திதான் இருக்கா. படத்துல அப்படித்தானே போட்டிருக்கு?"

"என்னைக் கேட்காதீங்கப்பா," என்று லர்லீன் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தாள். "நான் இங்க புன்னகைச்சுக்கிட்டிருக்கேன். பன்னிரண்டாவது."

அன்று மாலை டேன்வுட்டில் ஐஸ்கிரீம் உருகாமல் காப்பாற்றியவர் மக்கள் மற்றும் உயர்நோக்கப் பிரிவின் வட்டார இயக்குநர்தான். சூட்டோடு காப்பாற்றினார். இறக்கும்போது அவர் நிர்வாகமாக ஏதாவது சிந்தித்தாரா என்பது பதிவாகவில்லை.

ஐந்து இருபத்தாறுக்கு வென்டெல் பள்ளியில் இருந்தான். மேசி பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்கு லாரி வரலையா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"நானும் வந்துட்டேன்."

காரில் ஏறியதும் அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வறுவல் கடையில் இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

துறையின் தீர்ப்பு ஆறே நாளில் வந்தது. அரசாங்க அலுவலகம் ஒன்று ஆறு நாளில் பதில் அனுப்பியதை எங்கள் கவுண்டி கண்டதில்லை. இல்லை என்று சொல்வதற்கு நேரம் அதிகம் பிடிக்காது போலும். விசாரணை நடக்கும்போதே, வேலை பாதியில் இருக்கும்போதே, மேலதிகாரியின் முன்னிலையில் திரு. ஸ்ட்ரூப் தன் விருப்பப்படி வெளியேறினார், அவரை எவரும் தடுக்கவில்லை, ஆகவே அவர் உண்மையான நிர்வாகி என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது, ஓவர்டைம் கிடையாது. அவர் எதற்காக வெளியேறினார் என்று எழுதப் படிவத்தில் இடம் இல்லை. போயிருக்காவிட்டால் ஓவர்டைம் கிடைத்திருக்கலாம். மேசி கிடைத்திருக்க மாட்டாள்.

அதற்கிடையில் வெள்ளிக்கிழமையே வேறொரு மாநிலத்தில் ஒரு நீதிமன்றம் அந்தப் புது விதியையே செல்லாது என்று அடித்துவிட்டது. கோட்டைப் பழைய இடத்துக்கே இறக்கினார்கள். அன்று மாலைக்குள் பக்கெட் பார்ன் சம்பளத்தையும் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டு, குடும்பமாக நாம் ஒரு பெரும் புயலைக் கடந்துவிட்டோம் என்று மின்னஞ்சல் அனுப்பியது. வார இறுதி மேலாளர்கள் திரும்பி வரவில்லை. முக்கோணமும் ஏடுகளும் சுவரிலும் சட்டைப் பையிலும் அப்படியே இருந்தன. வாஷிங்டனில் நாளைக்கே வேறு யாராவது வேறு கோடு கிழிக்கலாம் என்று வக்கீல்கள் சொன்னார்களாம், மணிக்கணக்கில்.

வென்டெலுக்குச் சீட்டுக் கிழிந்துவிடும் என்று ஓடெல் பயந்தான். நடந்தது வேறு. லூயிவில் வக்கீல்கள் துறையின் தீர்ப்பைப் படித்துப் பரவசப்பட்டுப் போனார்கள். முந்நூற்றுப் பத்துக் கடைகளில் இத்தனை வருஷத்தில் ஒரு மேலாளர் தானாக முடிவெடுத்ததற்குக் கம்பெனியிடம் இருந்த ஒரே சான்று வென்டெல் கதவைத் தாண்டிப் போனதுதான். அடுத்த புதன்கிழமை குவிசன்பெரி வந்தார். கூடவே கேமராவுடன் ஒரு இளம் வக்கீல். கையில் புதிதாக அச்சடித்த பட்டியல். இருபத்தொன்று இப்போது இருபத்துமூன்றாகியிருந்தது.

இருபத்திரண்டு: புதன்கிழமை மாலை 5.10 மணிக்கு, நிர்வாகி, எவருடைய அனுமதியும் இன்றி, தன் சொந்த விருப்பப்படி கடையை விட்டு வெளியேறுதல்.

இருபத்துமூன்று: 5.20 மணிக்கு, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, தன் சொந்த விருப்பப்படி திரும்பி வருதல்.

எல்லாக் கடைகளிலும், எல்லா நிர்வாகிகளும், வாரந்தோறும் செய்ய வேண்டும். படம் பிடித்து அனுப்ப வேண்டும். இதைத் தொடங்கிவைத்த பெருமை உங்களுடையது என்று குவிசன்பெரி வென்டெலின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வென்டெல் பட்டியலை இரண்டு தடவை படித்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். நீதிமன்றம், இரண்டு தடவை தவறியது, மூன்றாவது தவறினால் என்ன ஆகும், பள்ளிக்கு எவ்வளவு தூரம். ஒரு கருணையும் எதிர்பார்க்காமல், வழி சொல்வதைப் போல நிதானமாகச் சொன்னான். குவிசன்பெரி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"குடும்பம்னா எங்களுக்கு உயிர், வென்டெல். அதனாலதான் முழுசா பத்து நிமிஷம் கொடுத்திருக்கோம்."

"பள்ளிக்கூடம் போகவே பதினஞ்சு ஆகுமே சார்."

"அது பள்ளிக்கூடத்தோட பிரச்சினை. நாங்க அவங்களை நிர்வகிக்க முடியாது இல்லையா?"

வென்டெல் பட்டியலின் கடைசி இரண்டு வரிகளில் விரலை வைத்தான்.

"இருபத்திரண்டை மட்டும் எடுத்துக்கிட்டு இருபத்துமூணை விட்டுட்டா?"

"அது எப்படிச் சுயமுடிவாகும்?" குவிசன்பெரி உண்மையிலேயே குழம்பிப்போனார். "அது உங்க இஷ்டத்துக்குப் பண்றது."

ஐந்து பத்துக்கு இளம் வக்கீல் கேமராவைத் தூக்கினான். வென்டெல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு தடவை போகச் சொல்லலாமா என்று வக்கீல் கேட்டான். அதற்குள் வென்டெல் காரில் ஏறிவிட்டான். ஐந்து இருபதுக்கு அவனுடைய தொலைபேசி அடித்தபோது ரயில் பாதையைத் தாண்டிவிட்டிருந்தான். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவன் அதை அணைத்து இருக்கைக்கு அடியில் போட்டான். இருபத்தேழுக்குப் பள்ளியில் இருந்தான். ஓடி வந்த அவசரத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் கோணலாக விழுந்தது.

வேலைநீக்கக் கடிதம் மறுநாள் வீட்டுக்கே வந்தது. சுருக்கமாக இருந்தது. திரு. ஸ்ட்ரூப் ஒரு நிர்வாகிக்கு உரிய சுயமுடிவை, எழுத்து மூலம் அறிவுறுத்தப்பட்ட பிறகும், குறித்த நேரத்தில் எடுக்கத் தவறினார். சுயமாகச் சிந்திக்க இயலாதவர்களுக்குப் பக்கெட் பார்ன் குடும்பத்தில் இடமில்லை. மேலங்கியைத் துவைத்துத் திருப்பி அனுப்பவும்.

லர்லீன் அன்று மதியம் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் வழக்கமாகச் செய்யும் கேலி எதையும் காணோம். கடைக் கண்ணாடியில் ஆள் தேவை என்று தாள் ஒட்டியிருக்கிறார்கள், முக்கோணத்தில் ஒரு மூலை காலியாக இருப்பதால் நானும் ஓடெலும் இன்றைக்கு மேலாளர்கள் இல்லையாம், இருந்தாலும் ஆறு மணிக்கு மேல் இருக்கச் சொன்னார்கள் என்றாள். கடைசியில் கேட்டாள்.

"வருத்தமா இருக்கா கண்ணு?"

"வாடகையை நினைச்சா பயமா இருக்கு," என்றான் வென்டெல். "புதன்கிழமையை நினைச்சா இல்லை."

அடுத்த புதன் அவன் மூன்று மணிக்கே பள்ளிக்குப் போய்விட்டான். சட்டைப் பையில் இரண்டு கடைகளின் வேலை விண்ணப்பங்கள். இரண்டுமே மேலாளர் வேலை. பள்ளி விட்டுச் சில பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்களை மாலை அறைக்குக் கூட்டிப் போனார்கள். அறையைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி வாசலுக்கு வந்தார். நல்ல மனுஷி, அவர் முகம் வாடியிருந்தது.

"மிஸ்டர் ஸ்ட்ரூப், உத்தரவுல அஞ்சரைன்னுதான் போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி அவளை உங்ககூட அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை."

"பரவாயில்லை மேடம்," என்றான் வென்டெல். "எனக்கு நேரம் இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தான். உள்ளே மேசி அவனைப் பார்த்துவிட்டாள். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் போட்டு, கணக்கு நோட்டை மடியில் விரித்தாள். ஒரு கணக்கு முடிந்ததும் நோட்டைத் தூக்கிக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். அவன் படித்துப் பார்த்துத் தலையாட்டினான். ஐந்தரை மணி வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.